ஏற்காட்டு இறக்கத்தில் அமுங்கிப்போன பின் பிரேக்: மீட்டியோர் 350 பழுதுபார்ப்புப் பதிவு

என் மைத்துனர் சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறார். வீடு சேலம் கோரிமேட்டில் இருப்பதால், வாரத்தின் பெரும்பாலான நாள்களில் ஏற்காடு மலைப்பாதையில் ஏறி இறங்குகிறார். அவர் ஓட்டுவது இரண்டாம் கையாக வாங்கிய ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350. சில வாரங்களாக அவர் சொல்லிவந்த குறை இதுதான்: மேலிருந்து கிளம்பும்போது பின் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, அடிவாரத்தை நெருங்கும் கடைசிச் சில வளைவுகளில் பெடல் முழுவதும் கீழே போய்விடுகிறது, வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் பழையபடி சரியாக இருக்கிறது. இரண்டு ஒர்க்‌ஷாப்களில் காட்டியிருக்கிறார். இரண்டு இடத்திலும் சமதரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சமதரையில் ஓட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் இந்தப் பழுது சமதரையில் தலைகாட்டவே காட்டாது.

குளிர்ந்தால் சரியாகிவிடும் பிரேக் கோளாறு என்றால் காரணம் வெப்பம்தான். ஆனால் வெப்பம் எங்கிருந்து வருகிறது, ஏன் போகாமல் தங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டையான பேடை மட்டும் மாற்றினால் புதுப் பேடும் அதே வழியில்தான் போகும். ஆகவே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். அவர் மலையிறங்கி நேராக என் வீட்டு வாசலுக்கு வர, வந்தவுடன் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அரைச் சுற்றுகூடப் போகவில்லை. சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கிலிருந்து கருகிய வாடை அடித்தது. காப்பி குடித்துவிட்டு வந்து மீண்டும் சுற்றியபோது சக்கரம் தாராளமாக ஓடியது. பெடலில் யாரும் கால் வைக்காதபோதும் பிரேக் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது என்பது அப்போதே உறுதியாயிற்று.

இந்த வண்டியின் பின் பிரேக் மீது அந்த மலைப்பாதை எவ்வளவு சுமையை ஏற்றுகிறது என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் முதன்மைச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை வண்டி இறங்கும் செங்குத்து உயரத்தை, கணக்குக்கு வசதியாக, 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீட்டியோரின் எடை 191 கிலோ. ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் சேர்ந்து 140 கிலோ என்றால் மொத்தம் 331 கிலோ. இவ்வளவு எடை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் ஏறத்தாழ 32 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். அதாவது ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றை ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடவிட்டால் எவ்வளவு சூடு வருமோ அவ்வளவையும் இந்த வண்டி ஒரு முறை மலையிறங்கும்போது எங்காவது செலவழித்தாக வேண்டும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியை என்ஜின் வாங்குகிறதா, பிரேக் வாங்குகிறதா என்பதை ஓட்டுபவர்தான் தீர்மானிக்கிறார்.

மைத்துனர் அதைப் பெரும்பாலும் பிரேக்கிடமே விட்டிருந்தார். நம் மலைப்பாதைகளில் பலரும் செய்வதைப்போல, இறக்கம் தொடங்கியதும் சாவியை அணைத்து, நியூட்ரலில் போட்டு, பெட்ரோல் மிச்சம் என்ற நினைப்பில் உருட்டிக்கொண்டே வருவது அவர் வழக்கம். கார்புரேட்டர் காலத்தில் அந்த நினைப்புக்குக் கொஞ்சமாவது நியாயம் இருந்தது. ஃபியூல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டுவிட்டால், என்ஜின் வேகம் மிகவும் குறையும்வரை கட்டுப்பாட்டுக் கருவி பொதுவாகப் பெட்ரோலையே நிறுத்திவிடும். ஆகவே என்ஜினை அணைத்து உருட்டுவதால் மிச்சமாவது சொற்பம். அதற்குக் கொடுக்கும் விலையோ பெரிது. என்ஜினின் பிடி போய்விடுகிறது. சாவியை அணைத்ததால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் போய்விடுகிறது. மீட்டியோரில் முன்னும் பின்னும் ஏபிஎஸ் இருந்தும், பனி இறங்கி ஈரமான வளைவில் அது வேலை செய்யாத நிலையில் இவர் இத்தனை நாள் வந்திருக்கிறார்.

என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிப்பது அதன் கம்ப்ரெஷனால் என்று ஒர்க்‌ஷாப்களில் சொல்வதுண்டு. அது முழு உண்மை அல்ல. அழுத்தப்பட்ட காற்று மீண்டும் விரியும்போது பெரும்பகுதி ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் தகடு மூடிக்கொள்ள, அந்த மூடிய வாயின் வழியாகக் காற்றை உறிஞ்சப் பிஸ்டன் படும் பாடுதான் பெட்ரோல் என்ஜினின் பிடியில் பெரும்பங்கு; உள் உராய்வு மீதி. டீசல் லாரியில் அப்படி மூடும் தகடு இல்லாததால்தான் அதற்குத் தனியாக எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். மீட்டியோரின் 349 சிசி ஒற்றை சிலிண்டரில் பிஸ்டனின் குறுக்களவு 72 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் போகும் தூரம் 85.8 மில்லிமீட்டர். இப்படி அகலத்தைவிட நீளம் அதிகமான என்ஜின் குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவையைத் தரும். நிமிடத்துக்கு 4000 சுழற்சியில் 27 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை) என்பது நிறுவனம் தரும் கணக்கு. ஏற்றத்துக்குக் கைகொடுக்கும் அந்த இழுவையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரில் அதே என்ஜின் வண்டியை அடக்கிப் பிடிப்பதைப் பற்றிப் பேசுபவர் குறைவு.

இந்த வண்டியைப் பார்ப்பவர்கள் அதன் பழைய தோற்றத்தை வைத்து உள்ளேயும் பழைய புல்லட்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணீர்த்துளி வடிவப் பெட்ரோல் டேங்க், வட்ட ஹெட்லைட், பழைய பாணியில் திருகிப் போடும் வட்ட சுவிட்சுகள், 1952இல் இங்கிலாந்தில் வந்த மீட்டியோர் 700 என்ற இரட்டை சிலிண்டர் வண்டியிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயர் என்று வெளியே தெரிவதெல்லாம் பழையதுதான். 2020 நவம்பரில் இது வந்தபோது உள்ளே இருந்த என்ஜினோ முற்றிலும் புதியது. முந்தைய 350இல் தள்ளுகோல்கள் வால்வுகளைத் திறந்தன. இதில் கேம்ஷாஃப்ட் தலைக்கு மேலேயே ஏறிவிட்டது. முந்தையதில் கிளட்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோனது செயின், இதில் பல்சக்கரம். பிஸ்டனின் ஆட்டத்தைச் சமன்செய்ய எதிர்த்திசையில் சுழலும் பேலன்சர் ஷாஃப்ட் ஒன்றும் உள்ளே இருக்கிறது. பழைய புல்லட்டில் வேகம் அறுபதைத் தாண்டினால் கைகள் மரத்துப்போன அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் ஒன்றே போதும், இது வேறு வண்டி என்று சொல்ல.

தோற்றத்துக்காக வைத்தவற்றில் ஒன்று மட்டும் நம் பழுதோடு நேரடியாகத் தொடர்புடையது. அது உட்காரும் முறை. க்ரூஸர் என்பதால் சீட் தரையிலிருந்து 765 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கால் வைக்கும் இடம் முன்னால் தள்ளி இருக்கிறது. ஆகவே ஓட்டுபவரின் உடல் எடை முழுவதும் சீட்டில் இறங்க, கால்கள் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நேர்ச் சாலையில் இது சுகம். இறக்கத்தில் உடல் முன்னால் சரியும்போது, நீட்டிய வலது கால் தன்னையறியாமல் பிரேக் பெடலின் மேல் போய்ச் சாய்ந்துவிடும். மைத்துனரை வண்டியில் உட்காரவைத்து, முன் சக்கரம் தாழும்படி சரிவில் நிறுத்திப் பார்த்தேன். அவர் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“மாமா, நான் மிதிக்கவே இல்ல, சும்மா கால் வெச்சிருக்கேன்” என்றார்.

“அந்தச் சும்மாதான் மாப்ள உன் பேடைத் தின்னுடுச்சு” என்றேன்.

வேலையைத் தொடங்கினேன். பின் சக்கரத்தில் இருப்பது 270 மில்லிமீட்டர் டிஸ்க். அதைப் பிடிப்பது ஒற்றைப் பிஸ்டன் கொண்ட மிதக்கும் கேலிபர், அதாவது பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் கிடுக்கி. பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால், அது உள்பக்கப் பேடை டிஸ்க்கின் மேல் தள்ளியதும், கேலிபரின் உடல் முழுவதும் இரண்டு வழுக்குப் பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுத்து அணைக்க வேண்டும். பின்கள் வழுக்காவிட்டால் வெளிப் பேட் வேலை செய்யாது; உள் பேட் மட்டும் தேயும்; பெடலை விட்ட பின்னும் கேலிபர் விலகாது. கேலிபரைக் கழற்றிப் பேடுகளை வெளியே எடுத்தபோது அதுவே கண்ணுக்குத் தெரிந்தது. வெளிப் பேடில் பாதிக்கு மேல் பொருள் மீதி இருந்தது. உள் பேடில் தேய்மான அடையாளக் கோடு மறைந்து, ஒரு ஓரத்தில் இரும்புத் தகடு எட்டிப்பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே டப்பாவில் வந்தவை என்று சொல்ல முடியாது. இதைப்போல ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்த பேடைப் பார்த்தும் புதுப் பேடை மட்டும் மாட்டி அனுப்புபவரிடம் வண்டியை மறுபடி விடக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

பின்களில் ஒன்று கையால் இழுத்தால் வந்தது. மற்றொன்றைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. அதன் ரப்பர் உறை ஓரத்தில் கிழிந்திருந்தது; அந்தக் கிழிசல் வழியே மலையின் செம்மண் சேறு உள்ளே போய், பழைய கிரீஸோடு கலந்து, கெட்டியாகிப் பின்னைச் சுற்றி ஒரு மேலோடாகவே படிந்திருந்தது. பின்னை நகத்தால் வருடியபோது அரிப்பின் பள்ளம் தட்டுப்படாததால் பின்னை மாற்றவில்லை. உறைகளை மட்டும் புதிதாக வாங்கினேன். நுண்ணிய தேய்ப்புத் தாளால் மெதுவாகத் துடைத்து, பிரேக் கிளீனரால் கழுவி, பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸைப் பூசினேன். கடையில் கிடைக்கும் சாதாரண சேசிஸ் கிரீஸை இங்கே பயன்படுத்தவே கூடாது. பெட்ரோலியத்திலிருந்து வரும் எந்த எண்ணெயும் பிரேக்கின் உள் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சில மாதத்தில் வழுக்குப் பின் மறுபடி இறுகும், அதோடு சீலும் போகும்.

பிஸ்டனைப் பொறுத்தவரை, அதைப் பெடலை மிதித்துச் சற்று வெளியே கொண்டுவந்து, சுற்றிலும் படிந்த கரியைப் பிரேக் ஆயில் நனைத்த துணியால் துடைத்த பிறகே உள்ளே தள்ளினேன். அழுக்கோடு தள்ளினால் அது நேராகச் சீலில் போய் உரசும். பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டுச் சீல் கசிவைத் தடுப்பதோடு நிற்பதில்லை. பிஸ்டன் முன்னே போகும்போது அது சற்று முறுக்கிக்கொண்டு, அழுத்தம் விலகியதும் தன் பழைய நிலைக்குத் திரும்பிப் பிஸ்டனையும் இம்மியளவு பின்னுக்கு இழுக்கிறது. டிஸ்க் பிரேக்கில் தனி ஸ்பிரிங் இல்லாமலேயே பேட் விலகுவதற்கு இந்த ரப்பரின் முறுக்குத்தான் காரணம். இங்கே சீல் நல்ல நிலையில் இருந்தது. பிஸ்டனும் எங்கும் சிக்கவில்லை.

அப்படியென்றால், வாசலில் அன்று பார்த்த முழு இறுக்கத்தை ஒரு வழுக்குப் பின்னின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. இறுகிய வழுக்குப் பின் குளிர்ந்தாலும் இறுகியேதான் இருக்கும். சூட்டில் மட்டும் இறுகி ஆறினால் விடுவதற்கு வேறு காரணம் வேண்டும். அது பெடலின் மறுமுனையில், மிதியை ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில் இருந்தது. பெடலை விரலால் அழுத்திப் பார்த்தேன். தொட்டவுடனேயே அதன் பிஸ்டன் நகரத் தொடங்கியது. பிஸ்டன் நகரும் முன் பெடல் சும்மா அசைய வேண்டிய வெற்று ஆட்டம் என்பது அறவே இல்லை. பெடல் உயரமாக இருக்க வேண்டும் என்று யாரோ, முன்பு வைத்திருந்தவரோ அல்லது வழியில் கைவைத்தவரோ, பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையிலுள்ள தள்ளுகம்பியின் நட்டைத் திருகி நீட்டியிருக்கிறார்கள்.

இதன் விளைவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே, பிஸ்டன் ஓய்வில் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஊசி நுழையும் அளவில் ஒரு துளை உண்டு. அது மேலே உள்ள ஆயில் டப்பாவோடு சிலிண்டரை இணைக்கிறது. பிரேக் சூடாகி ஆயில் விரியும்போது, கூடுதலான ஆயில் அந்தத் துளை வழியாகவே மேலே போய்விடும். ஆறும்போது திரும்பி வரும். பெடலுக்கு வெற்று ஆட்டம் இல்லையென்றால் பிஸ்டன் முழுவதும் பின்னுக்கு வராமல் அந்தத் துளையை மூடிக்கொண்டே நிற்கும். இப்போது விரியும் ஆயிலுக்குப் போக வழியில்லை. அது கேலிபர் பிஸ்டனைத் தள்ளும். பேட் டிஸ்க்கை உரசும், இன்னும் சூடாகும், ஆயில் இன்னும் விரியும், பேட் இன்னும் இறுகும். கால் எடுத்தாலும் பிரேக் தன்னைத்தானே மிதித்துக்கொள்கிறது. சூடு ஏறி ஏறி ஒரு கட்டத்தில் கேலிபருக்குள் ஆயில் கொதித்துக் குமிழி விடும்போதுதான் பெடல் திடீரென்று கீழே போகிறது. திரவத்தைப்போல இல்லாமல் ஆவி அழுத்தினால் சுருங்கிவிடும். மைத்துனர் சொன்ன கதையின் இரண்டு பாதிகளும், அதாவது முதலில் இறுகுவதும் பிறகு அமுங்குவதும், இந்த ஒரு நட்டின் சில திருகுகளில் அடங்கியிருந்தன.

லாக் நட்டைத் தளர்த்தி, தள்ளுகம்பியைக் குறைத்து, பெடலுக்குக் கையேட்டில் சொன்ன வெற்று ஆட்டத்தைக் கொடுத்தேன். சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்துப் பெடலை மெதுவாக மிதிக்கத் தொடங்கினால், துளை திறந்திருக்கும் வண்டியில் முதல் அசைவிலேயே ஆயிலின் மேற்பரப்பில் சின்ன ஊற்று ஒன்று எழும்பும். முன்பு எழும்பவில்லை, இப்போது எழும்பியது. பெடலின் உயரம் மாறினால் பிரேக் விளக்கின் சுவிட்ச் வேலை செய்யும் இடமும் மாறிப்போகும் என்பதால் அதையும் திருகிச் சரிசெய்தேன்.

ஆயில் கரும்பழுப்பாக இருந்தது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூடிய அமைப்பாக இருந்தாலும் ஹோஸ், சீல் வழியாக ஆண்டுக்கணக்கில் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். இந்த வண்டிக்கான டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்தின் வரையறையில், புது ஆயிலின் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. ஈரம் ஏறிய நிலையில் அது 155 டிகிரிவரை இறங்கலாம். அதாவது அதே டப்பா, அதே அளவு, ஆனால் 75 டிகிரி பாதுகாப்பு காணாமல் போயிருக்கும். ஊருக்குள்ளும் பைபாஸிலும் ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. ஏற்காட்டில் ஆண்டின் பல மாதங்கள் பனிமூட்டத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மாலையில் மொத்த மலையையும் பிரேக்கிலேயே இறங்குபவருக்கு அந்த 75 டிகிரிதான் எல்லாம். இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான வழக்கம். மலையில் ஓட்டுபவர்கள் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

சீல் உடைக்காத புதுப் பாட்டில் டாட் 4 வாங்கிவந்தேன். டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது. எண் பெரியது என்பதால் உயர்ந்தது என்று எண்ணி அதை ஊற்றிவிடக் கூடாது. அது சிலிகான் அடிப்படையிலானது, இதோடு கலக்காது, ஏபிஎஸ்ஸுக்கும் உகந்ததல்ல. ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஆயில் மாற்றும்போது ஒரே ஒரு எச்சரிக்கை போதும்: மேல் டப்பாவில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகவே விடக் கூடாது. போனால் காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் ஏறிவிடும்; பிறகு அதை வெளியேற்ற ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேட வேண்டியிருக்கும். மைத்துனர் பெடலில் அமர, நான் கேலிபரில் பழைய ஆயிலை வெளியேற்றும் ப்ளீடர் நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி அமர்ந்தேன். மிதித்துப் பிடிக்கச் சொல்லி நிப்பிளைத் திறப்பதும், ஆயில் வந்ததும் மூடிய பிறகே காலை எடுக்கச் சொல்வதுமாக, குழாயில் கருமை மறைந்து தேன் நிறமும் பிறகு அதைவிட வெளிறிய நிறமும் வரும்வரை தொடர்ந்தோம். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் சிந்திய சில சொட்டுகளை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். விட்டிருந்தால் பெயின்ட் பொரிந்திருக்கும்.

டிஸ்க்கில் லேசான நீல நிறச் சாயல் தெரிந்தது; அது அதிக வெப்பம் கண்டதற்கான தடயம். வெர்னியரால் பல இடங்களில் அளந்ததில், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைவிடப் போதிய அளவு மீதி இருந்தது. சக்கரத்தைச் சுற்றியபோது கோணலும் தெரியவில்லை. ஆகவே டிஸ்க்கை மாற்றாமல், மேற்பரப்பை மட்டும் தேய்ப்புத் தாளால் சுத்தம் செய்து புதுப் பேடுகளைப் போட்டேன். கேலிபர் போல்ட்டுகளை டார்க் ரென்ச்சில் இறுக்கினேன். கை அளவு போதும் என்று சொல்பவர்கள் வேறு எங்கு வேண்டுமானாலும் சொல்லட்டும், பிரேக்கில் வேண்டாம்.

கையோடு கையாகச் செய்த சில வேலைகள்: செயினைக் கழுவி, அளவாகத் தளர்த்தி, ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கக் குறிகளும் ஒன்றுபோல நிற்கும்படி வைத்தேன். மனைவியோடு மலையேறும் நாள்களுக்காகப் பின் ஷாக் அப்சார்பரின் ஆறு நிலைகளில் இரண்டு நிலை கூட்டிவைத்தேன். கால் வைக்கும் கம்பியின் அடியில் உள்ள குமிழ் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. கொண்டை ஊசியில் சாய்க்கும்போது அது தார்ச்சாலையில் உரசியிருக்கிறது. தாழ்ந்த, நீண்ட க்ரூஸரில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். அதற்கு மேல் சாய்க்காதே என்று வண்டி சொல்லும் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டால் போதும்.

புதுப் பேட் டிஸ்க்கோடு படியும்வரை முழுப் பிடி கிடைக்காது. கூட்டம் வருவதற்கு முன் அதிகாலையில் கோரிமேட்டிலிருந்து கொண்டப்பநாயக்கன்பட்டி வரை நேர்ச் சாலையில், மிதமான வேகத்திலிருந்து நிற்காமல் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, இடையில் ஆறவிட்டு ஓட்டினேன். பிறகுதான் மலை ஏறினேன்.

ஏற்றத்தில் சொல்ல அதிகம் இல்லை. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைகிறது. சேலத்தோடு ஒப்பிட்டால் ஏற்காட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. என்ஜினின் பலமும் அந்த அளவில் குறையத்தான் செய்யும். கார்புரேட்டர் புல்லட்டாக இருந்தால் பெட்ரோல் மிகுந்து திணறியிருக்கும். இங்கே சென்சார் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துவிடுவதால் திணறல் இல்லை. வளைவின் உள்பக்கத்தில் இரண்டாவது கியரில் வண்டி சலனமில்லாமல் ஏறியது. குதிகாலால் மிதித்துக் கியரைக் கூட்டும் இரட்டை லீவர் செருப்பு அணிபவர்களுக்கு எவ்வளவு வசதி என்பது இப்படிப்பட்ட பாதையில் தெரியும்.

இறக்கத்தில் முதலில் மைத்துனரிடம் கேட்டுக்கொண்டது இரண்டே விஷயம்: சாவியை அணைக்க வேண்டாம், ஏறும்போது எந்த வளைவுக்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ இறங்கும்போதும் அதே கியர். வளைவுக்கு முன் நேர்ப் பகுதியிலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், அதிலும் முன் பிரேக்குக்குப் பெரும்பங்கு கொடுக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். இறக்கத்தில் எடை முன் சக்கரத்தின் மேல்தான் சாய்கிறது; 300 மில்லிமீட்டர் டிஸ்க்கும் இரண்டு பிஸ்டன் கேலிபரும் அங்கேதான் இருக்கின்றன; அதைத் தொடாமல் பின் பிரேக்கையே மிதிப்பவர் வண்டியின் நல்ல பாதியை வீணாக்குகிறார். வலது காலை முன்னே நகர்த்தி, பெடலுக்கு மேலல்லாமல் கம்பியின் மேல் குதிகாலை ஊன்றி வைக்கப் பழகுவதற்குத்தான் அவர் சிரமப்பட்டார்.

அடிவாரத்தில் நிறுத்தி, லேசர் வெப்பமானியைக் காட்டினேன். பளபளக்கும் டிஸ்க்கின் மேல் காட்டினால் அது எப்போதும் குறைத்தே சொல்லும், ஏனென்றால் மெருகேறிய உலோகம் வெப்பக் கதிரைக் குறைவாகவே வெளியிடுகிறது. ஆகவே கறுப்பு பெயின்ட் அடித்த கேலிபரின் உடலில் காட்டினேன். அறுபது டிகிரியை ஒட்டி நின்றது. நடு ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றியபோது பேட் லேசாக உரசும் சத்தத்தோடு தாராளமாகச் சுழன்றது. மலைமேல் கிளம்பியபோது பெடல் எந்த உயரத்தில் பிடித்ததோ, அடிவாரத்திலும் அதே உயரத்தில் பிடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன் பிரேக்கின் ஆயிலையும் மாற்றிவிட்டோம். அதுவும் அதே வயதுடையதுதானே. பாட்டிலில் மிஞ்சியதைப் பத்திரப்படுத்தவில்லை, ஏனென்றால் திறந்த பாட்டில் அலமாரியிலேயே ஈரம் குடிக்கும். இன்னும் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. மூன்றாவது கியரில் மெதுவாக இறங்கும்போது ஆக்சிலரேட்டரைத் திறந்து மூடினால் பின்னால் ஒரு சிறு உதறல் கேட்கிறது. செயினின் அளவு சரியாகவே இருப்பதால், பின் ஹப்பின் உள்ளே உள்ள ரப்பர் கட்டைகள் தேய்ந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். பின் டயரின் கோடுகள் இன்னும் மழைக்காலம் வரை தாங்கும். டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றும்போது அதையும் பார்த்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம்.